கொக்கு மசியும் கோழி மசியும்

“சாபிரா பீவி. பெண். வயது நாற்பத்திரண்டு. கைம்பெண். கொழுந்தன் பராமரிப்பில் இருப்பவள். தொழில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது.”

1931-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தின் ஏழாம் நம்பர் வீட்டைப் பற்றிச் சர்க்கார் தெரிந்து வைத்திருப்பது இது. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்க, கொழுந்தனார் ஹபீபுல்லா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். ஹபீபுல்லா பொய் பேசுகிறவர் அல்ல; தோல் மண்டித் தரகராக இருந்தும் அவருக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. கௌரவமான வீட்டுப் பெண் ஊரார் கடிதமெல்லாம் எழுதுகிறாள் என்பது சர்க்கார் தாளில் ஏற வேண்டாமே என்று நினைத்தார், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவர் ஆம்பூருக்கு ஒரு கடிதம் போட வேண்டியிருந்தது. “மதினி, நாலு வரி எழுதிக் குடுங்க” என்று வந்து நின்றார். நாலு வரி எட்டு வரியாயிற்று. அதில் ஐந்து வரி மதினியின் சொந்த யோசனை.

கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் பின்கட்டில் தன் பேனாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை தவறினாலும் இது தவறாது. பேனாவைக் கழற்றி மூன்று துண்டாக வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் கண்ணாடிபோல் தெளிகிற வரைக்கும் உதறி உதறிக் கழுவுவாள். பிறகு பழைய மல் துணியின் மேல் வரிசையாகப் படுக்க வைப்பாள். அது உலரும் வரை வீட்டில் யாருக்கும் காபி கிடையாது.

சந்துக்குள் முப்பது வீடுகள். அவற்றில் பாதி வீட்டு ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கப்பலிலும் இருக்கிறார்கள். மீதிப் பாதி வீட்டு ஆண்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் தேவையில்லை, கத்திக் கூப்பிட்டால் போதும். கடல் கடந்த கணவன்மாருக்கு எழுதுகிற வேலை சாபிரா பீவியுடையது. தமிழிலும் எழுதுவாள், அரபு எழுத்தில் தமிழையும் எழுதுவாள். உறைமேல் எழுத வேண்டிய இங்கிலீஷ் விலாசம் மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? பழைய உறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் பார்த்துப் போடுவதுபோல் வளைவு வளைவாக வரைந்துவிடுவாள். இதுவரை எந்தக் கடிதமும் வழி தவறியதில்லை.

தகப்பனார் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். நாணல் பேனா சீவுவதும், கடுக்காயையும் அன்னபேதியையும் இரும்புச் சட்டியில் ஊறப்போட்டு மசி கூட்டுவதும் அவரிடமிருந்து வந்தவை. முப்பது வருஷம் அந்த மசியில்தான் எழுதினாள். போன வருஷம் சித்தப்பா மகன் அமீர் வந்தான். சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன். கப்பல் கோபே வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. அவன் கொண்டுவந்த பொட்டலத்தில் கறுப்பு அரக்குப் பூசிய ஊற்றுப்பேனா ஒன்றும், மசி சொட்டவிடக் கண்ணாடிக் குழாய் ஒன்றும், இரண்டு ஜப்பான் மசிப் புட்டிகளும் இருந்தன. ஒரு புட்டியின் சீட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம். மற்றதில் படமே இல்லை, ஜப்பான் எழுத்து மட்டும். “கோழி கெளறுன மாரி கீது” என்றாள் சாபிரா பீவி. அன்றிலிருந்து ஒன்று கொக்கு மசி, இன்னொன்று கோழி மசி.

ஆரம்பம் நன்றாக இல்லை. வீட்டு மசி மீந்து கிடக்கையில் வெளிநாட்டு மசியை எதற்குச் செலவழிப்பது என்று முதலில் கடுக்காய் மசியைப் பேனாவுக்குள் விட்டாள். இரண்டு நாளில் பேனா வாயை மூடிக்கொண்டது. சரி, கொஞ்சம் இளகட்டும் என்று அதன் மேலேயே கொக்கு மசியைச் சொட்டினாள். உள்ளே இரண்டும் சேர்ந்து, புளி விழுந்த பால்போல் திரிந்துவிட்டது. ஐந்து நாள் பேனா தண்ணீரில் ஊறியது. அந்த ஐந்து நாளில் அவள் கற்றதை இன்றைக்கும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்வாள்: “ஒரு மசி மேல இன்னொரு மசி வுடாத. ரெண்டு மாமியார ஒரே வூட்ல வெச்ச மாரி ஆய்டும்.”

காகிதத்திலும் இப்படித்தான். பலசரக்குக் கடையில் மடித்துக் கொடுக்கிற பழுப்புக் காகிதத்தில் ஜப்பான் மசியை வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் பூரான்போல் கால் முளைத்தது. அதற்குக் குடிகாரக் காகிதம் என்று பெயர் வைத்து ஒதுக்கினாள். வழவழப்பான காகிதத்தில் எழுத்து நின்றது. ஆனால் உலர நேரம் கேட்டது. நேரம் கொடுத்தாள்.

இனி எந்த மசி என்பது கேள்வி. இரண்டையும் எழுதிப் பார்த்தாள். கொக்கு மசி மயில் கழுத்து நீலம். உலர்ந்ததும் ஓரத்தில் செம்பு மின்னுகிறமாதிரி ஒரு பளபளப்பு. கோழி மசி, ஏதோ தண்ணீர் கலந்து விற்றதுபோல் வெளிறிப்போய் வந்தது. “நோஞ்சான்” என்று மூடி வைத்துவிட்டாள். ஆனாலும் வெறும் அழகுக்கு மயங்குகிறவள் இல்லை அவள். அதனால் சோதனை ஒன்று செய்தாள்.

அந்தத் தெருவில் யாருக்காவது காய்ச்சல் நீடித்தால் பள்ளிவாசல் ஹஜரத் வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் குர்ஆன் ஆயத்து ஒன்று எழுதித் தருவார். தட்டில் தண்ணீர் விட்டு, எழுத்துக் கரைந்ததும் நோயாளி அதைக் குடித்துவிட வேண்டும். தட்டில் ஒரு சொட்டுக் கறைகூடத் தங்கக் கூடாது. சிறுவயதிலிருந்து அந்தத் தட்டுகளைக் கழுவி வளர்ந்தவள் சாபிரா பீவி. நல்ல மசி என்றால் சுத்தமாகக் கரைய வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டாத விஷயம். கடுக்காய் மசி தட்டில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. அதனால்தான் அதை முரட்டு மசி என்பாள். இப்போது கொக்கு மசியால் பீங்கானில் ஒரு வரி எழுதித் தண்ணீர் விட்டாள். தட்டு வெள்ளை வெளேரென்று ஆயிற்று. “இது சுத்தமான மசி” என்று தீர்ப்புச் சொல்லி, அன்று முதல் தெருக் கடிதம் எல்லாவற்றையும் அதிலேயே எழுதினாள். இவ்வளவு கவனமாகச் சோதித்து இவ்வளவு பெரிய தவறு செய்ய நிரம்பப் படித்திருக்க வேண்டும். அல்லது நிரம்பத் தட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

மூன்றாம் வீட்டுப் பதுருன்னிசாவின் புருஷன் தாவூது பினாங்கில் தொங்கான் படகில் சரக்கு இறக்குகிறான். போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் கப்பலேறிய பிறகு பிறந்த பெண் அவனைப் பார்த்ததே இல்லை. தாடி வைத்த யார் வந்தாலும் வாப்பாவா என்று கேட்கிறது. அந்த ஐப்பசிக் கடைசியில் தாவூது இன்னொரு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் குழந்தைக்கு ஆறு வயது முடிகிறவரை அவன் வரமுடியாது. போடாதே, கப்பலேறு என்பதுதான் பதுருன்னிசாவின் கடிதம். சாபிரா பீவி அதைக் கொக்கு மசியில், செம்பு மின்ன மின்ன, ஒரு பக்கம் நிறைய எழுதினாள். எழுதிய கடிதங்களிலேயே அழகானது அதுதான் என்று அவளே சொன்னாள்.

பதில் ஒரு சனிக்கிழமை வந்தது. தாவூது கூட்டிக் கூட்டிப் படிப்பான், எழுத வராது. ஒரு கூட்டாளி எழுதியிருந்தான், அவன் பேச்சை அப்படியே. பதுருன்னிசா அதைச் சாபிரா பீவியின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாபிரா பீவி உரக்கப் படித்தாள்.

“கடுதாசி வந்துது. மழையில சரக்கு எறக்கினு இருந்தேன், அப்பால படிக்கலாம்னு மடியில சொருகினேன். பிரிச்சா வானம் மாரி நீலமா கீது, எழுத்து ஒண்ணு கூட இல்ல. தோஸ்துங்கோ சொன்னாங்கோ, இது ஓதி அனுப்புன கடுதாசி, கரைச்சி குடிச்சிடு, ஒடம்புக்கு நல்லதுன்னு. கரைச்சி குடிச்சிட்டேன். ரெண்டு நாளு வவுறு பேஜாரு. வூட்ல இன்னா சேதி? மாசக் கடைசில கையெழுத்து போடப் போறேன்.”

அடுக்களை வாசலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சிலுவையம்மாள்தான் முதலில் பேசினாள். காசிமேட்டிலிருந்து தினமும் வருகிறவள். மீன் கொண்டுவருவாள், கடிதங்களைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோவாள். “ஒரு பக்கம் பூரா குட்ச்சிருக்கான். பசி ஆறியிருக்கும்” என்றாள்.

பதுருன்னிசா சிரிக்கவில்லை. “ஒங்க எழுத்து ரொம்ப அழகா இருந்திச்சி அக்கா. அவரு படிக்கல” என்றாள். வசவு எதுவும் இதற்கு மேல் உறைத்திருக்காது.

வியாழக்கிழமை ஒரு தபால் கப்பல். அது பினாங்கு போய்ச் சேர்ந்தால் கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் மிச்சம். அதற்கடுத்த கப்பல் போய்ச் சேரும்போது தாவூது கையெழுத்துப் போட்டு முடித்திருப்பான். ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் இடம். சாதாரண மனுஷியாக இருந்தால் ஜப்பானைத் தலைமுழுகிவிட்டுக் கடுக்காய்ச் சட்டிக்குத் திரும்பியிருப்பாள். பதுருன்னிசாவும் அதைத்தான் கேட்டாள். சாபிரா பீவி மாட்டேன் என்றாள். கடுக்காய் மசியில் தான் எழுதிய பழைய கடிதங்களை அவள் பார்த்திருக்கிறாள். நாலைந்து வருஷத்தில் எழுத்து இருந்த இடமெல்லாம் செல்லரித்ததுபோல் ஓட்டை. தவறு வெளிப்பட்ட அன்றே இவ்வளவு தைரியமாகப் பேசுகிறவர்களைத் துறைமுகத்திலும் அதிகம் பார்க்க முடியாது. “மசி மேல தப்பு இல்லடி. அது கரையற மசி, நான்தான் கடுதாசிக்கு எடுத்தேன். தட்டுக்கு வேற, தபாலுக்கு வேற. இப்ப தெரிஞ்சிது” என்றாள்.

சிலுவையம்மாளிடம் திங்கட்கிழமைக்கு ஒரு குடம் கடல் தண்ணீர் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையே நாணல் பேனாவைத் தொட்டு ஒரு சீட்டில் கொக்கு மசியால் ஒரு வரியும், அதுநாள்வரை ஒதுக்கி வைத்திருந்த கோழி மசியால் ஒரு வரியும் எழுதி வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலை சீட்டை எடுத்தவள் ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தாள். நோஞ்சான் வரி கறுத்திருந்தது. எழுதியபோது வெளிறி இருந்த எழுத்து ஒரு நாளில் கருவிழிபோல் ஆகியிருந்தது. கிண்ணத்தில் கடல் தண்ணீரை ஊற்றிச் சீட்டை முக்கினாள். கொக்கு மசி கிண்ணம் முழுக்க நீலமாக ஓடிற்று. கோழி மசி அசையவில்லை. தண்ணீரை மாற்றினாள், விரலால் தேய்த்தாள், காகிதம்தான் நைந்தது. சிலுவையம்மாள் குனிந்து பார்த்து, “இது எங்க ஆளு” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பேனாவுக்கு, கிழமை மாறி, ஒரு குளியல் நடந்தது. பிறகு கோழி மசியில் கடிதம். இந்த முறை பாதிப் பக்கம்தான். முதல் வரியிலேயே விஷயம்: கையெழுத்துப் போடாதே, புறப்படு. பதுருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பார்த்தாள். எழுத்து வெளிறித் தெரிந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் போன பிறகு, புதன்கிழமைக்கு இன்னொரு குடம் தண்ணீர் வேண்டும் என்று சாபிரா பீவி சிலுவையம்மாளுக்குச் சொல்லியனுப்பினாள். கடலை இப்படிக் குடம் குடமாக வாங்கினால் கப்பல் எதில் ஓடும் என்று சிலுவையம்மாள் கேட்டாளாம், ஆனாலும் கொண்டுவந்தாள். வியாழக்கிழமை காலை கடிதம் தபாலாபீசுக்குப் போயிற்று.

தாவூது கார்த்திகையில் வந்து இறங்கினான். தாடி வைத்திருந்தான். குழந்தை வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்த முறை பதில் ஆமாம் என்று வந்ததில் அது பயந்துபோய்த் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. மறுநாள் சாபிரா பீவியின் வீட்டு வாசலுக்கு வந்து, திரைக்கு இப்பால் நின்று சலாம் சொன்னான். சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. எழுத்தெல்லாம் கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது. காகிதம் மட்டும் பொரித்த அப்பளம்போல் சுருண்டிருந்தது. உறையைப் பிரிக்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். உறையில் ஈரம்பட்ட அடையாளமே இல்லையாம். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரித்ததாம்.

“காயிதம் எப்பிடிக்கா இந்த மாரி ஆச்சி?” என்று கேட்டான்.

திரைக்கு உள்ளேயிருந்து, இதையும் குடித்தாயா என்று மட்டும் குரல் வந்தது. இல்லை, படித்தேன் என்றான். அப்படியானால் சரி என்று பேச்சு முடிந்தது.

தபாலில் சேர்ப்பதற்கு முந்தின நாள், எழுதி முடித்த அந்தக் கடிதத்தையே சாபிரா பீவி கடல் தண்ணீரில் முழுக்க முக்கி, ஒரு நாழிகை ஊறவிட்டு எடுத்து, ஓர் எழுத்தும் நகரவில்லை என்று பார்த்து, நிழலில் உலர்த்தி உறையில் போட்டாள்.