பெட்டிக்குள் ஆறு பல்பு

அறையில் என் மனைவி இருந்தாள், பாயில் படுத்தபடி. மருத்துவச்சி இருந்தார். பக்கத்து அறை அக்கா இருந்தார், கையில் வெந்நீர்ச் சட்டி. கம்பெனி மருந்தறை டிரெசர் இருந்தார், வாசலிலேயே நின்றார். மூலையில் நான். ஐஸ் பெட்டிக்குள் என் மகள்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். அழவில்லை, முனகினாள். டிரெசர் தொட்டுப் பார்த்தார்.

"டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலேயே போயிடும். சூடு விடாம வச்சுப் பாருங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது."

ஆயர் ஈத்தாமில் ஒரு ஐஸ் கம்பெனி. அதன் தொழிலாளர் லயத்தில் கடைசி அறை எங்களுடையது. எனக்கு எஞ்சின் ரூமில் டைனமோ பார்க்கிற வேலை. ராப்பகலாக ஓடும். லயத்துக்கும் அதிலிருந்துதான் விளக்கு.

பெட்டி கம்பெனியில் கேட்டு வாங்கியது. இரண்டு பலகை, நடுவே மரத்தூள். குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் விடாது என்று நினைத்தேன். உள்ளே தகரத் தடுப்பு வைத்து, அதற்கு அந்தப் பக்கம் நாற்பது வாட் பல்பு நான்கு மாட்டினேன். டிரெசர் தன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்து, இந்தச் சூடு போதும் என்றார். அப்போது மத்தியானம்.

எஞ்சின் ரூமிலிருந்து வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் கொண்டுவந்து அளந்தேன். வோல்ட் 230. ஆம்பியர் 0.7. பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். எனக்குத் தெரிந்த மின்சாரக் கணக்கு அவ்வளவுதான். பெருக்கினேன், 161. அந்தச் சூட்டில் பிள்ளை இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மனைவி பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். அக்கா பஞ்சுத் திரியால் தொட்டு வாயில் வைத்தார். கொஞ்சம் இறங்கியது.

சாயங்காலம் லயத்தில் எல்லாரும் விளக்குப் போட்டார்கள். சிறிது நேரத்தில் மனைவி பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, சூடு இல்லையே. புள்ளை கால் சில்லுன்னு இருக்கு."

பல்புகள் மங்கியிருந்தன. மறுபடி அளந்தேன். வோல்ட் 175, ஆம்பியர் 0.6. பெருக்கினால் 105. வகுத்தும் பார்த்தேன். மத்தியானம் 328 ஓம் இருந்தது, இப்போது 291. தடை குறைந்தும் கரண்ட் கூடவில்லை. பல்பு ஆறினால் தடை குறையும், ஆனால் வோல்ட் அதைவிட விழுந்திருந்தது.

காரணம் தெரிந்ததுதான். டைனமோ கிட்ட 230 இருக்கும். எங்களுடையது கடைசி அறை, கம்பி நீளம், மெல்லிசு. லயத்தில் எல்லா விளக்கும் எரிந்தால் எங்களுக்கு வருவது மிச்சம். எல்லாரும் அணைத்தால் வோல்ட் ஏறும். ஆனால் அது சமைக்கிற நேரம். லயம் முழுக்கப் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பெட்டிக்கு 160 வேண்டும். 175 வோல்ட்டில் ஒரு பல்பு 0.15 இழுக்கிறது. ஆறு பல்பு இருந்தால் 0.9, பெருக்கினால் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு குறைகிறது. ஸ்டோர் பூட்டியிருந்தது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் ஐஸ் வெட்டுகிறவர். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எழுந்து பல்பைக் கழற்றினார்.

"எடுத்துக்கோ லா தம்பி. இருட்டுல சாப்பிட்டா கொழம்புல மீன் இருக்குதுன்னு நெனச்சுக்கலாம்."

"இருக்கிற ஒரு துண்டையும் நீங்கதான் தின்னீங்க," என்றார் அக்கா.

அவர்கள் அடுப்படி பல்பையும் கழற்றித் தந்தார்கள். அங்கே எரிந்த இரண்டு இங்கே எரிந்தன. மொத்தச் சுமை மாறவில்லை, முள் 175-லேயே நின்றது. பெட்டி சூடேறியது. மகளின் காலில் நிறம் வந்தது. மனைவி அப்போதுதான் கொஞ்சம் தூங்கினாள்.

மறுநாள் ஸ்டோரிலும் பல்பு இல்லை; பிறகு அதுவே வழக்கமானது. லயம் விளக்கணைத்துப் படுத்ததும் வோல்ட் ஏறும், இரண்டு பல்பைக் கழற்றுவேன். விளக்கு வைக்கும் நேரத்தில் மாட்டுவேன். அக்கா வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் பாலை விழுங்கவில்லை. திரியை நனைத்து வைத்தோம், கடைவாயில் வழிந்தது. டிரெசரைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

மனைவி பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வெளியே போய் அழுதார். அவர் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றார். பெட்டி திறந்தே கிடந்தது, பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அணைக்கப் போனேன்.

"இருங்க," என்றாள் மனைவி. "சூடு கொறைஞ்சுதான் போயிட்டாளா? அவளை எடுத்துப் பார்க்க நான் மூடியைத் தொறந்து தொறந்து வச்சேனே."

"இல்லை."

"வாயால சொல்லாதீங்க. அளந்து சொல்லுங்க."

மூடியை மூடினேன். எஞ்சின் ரூமுக்கு நடந்து போய் மீட்டர்களைக் கொண்டுவந்தேன். எல்லா அறையிலும் விளக்கு எரிகிற நேரம்தான் அது. முள் நிற்கும் வரை காத்திருந்தேன். வோல்ட் 175. ஆம்பியர் 0.9. கரித்துண்டால் சுவரில் பெருக்கினேன். தப்பக் கூடாது என்று இன்னொரு தரம் பெருக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூற்றைம்பத்தேழரை.