மூன்று புள்ளி நான்கு ஓம்ஸ்

இது நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். கரண்ட் போகுமாம், நாய் ஊளையிடுமாம், கதவு தானாகக் கிரீச்சிடுமாம். அதெல்லாம் இதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் என் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவன். தங்கையின் கணவர், அதாவது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, குப்பை வாங்குகிறவர். ஆபீஸ் வேலையும் ஒன்று இருக்கிறது. ஆனால் மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்வது இதைத்தான். பழைய சாமான் கடைக்காரர் எதைத் தலையில் கட்டினாலும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஓடாத மிக்ஸி, மூடாத சூட்கேஸ், ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போன். இந்த முறை ஒரு சப்வூஃபர், கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர். கறுப்புப் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய கோன், அதாவது சத்தத்துக்கு அதிர்கிற காகிதக் குழி.

அதை நான் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டப் போவதாகப் போனில் சொன்னார். மாட்டாதீர்கள், வருகிறேன் என்றேன். ஸ்பீக்கருக்குள் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அதுதான் காயில். காயில் கருகியிருந்தால் இம்பிடன்ஸ், அதாவது ஓம்ஸ் கணக்கில் அளக்கிற மின்தடை, இறங்கிவிடும், ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடம்கூட மாப்பிள்ளையால் பொறுக்க முடியாது.

ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்குக் கல்யாணமாகி நாலு வருடம் கழித்துப் பிறந்த பெண், கைக்குழந்தை. கதவு திறந்தே இருந்தது. கோனை மெதுவாக அழுத்திப் பார்த்தேன், உரசல் இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் பெட்டியில் ஒயர் செருகும் டெர்மினலில் மாட்டினேன்.

3.4.

நாலு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இது சரியான கணக்கு. மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். குப்பையிலும் அபூர்வமாக ஒரு நல்ல சாமான் சிக்கிவிட்டதே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அப்போது எண் நகர்ந்தது. 3.5... 3.7... 3.9. பிறகு இறங்கி, மறுபடி 3.4.

கோன் அசைந்தால் எண்ணும் அசையும். இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். மாப்பிள்ளை பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். எண் ஏறியது, இறங்கியது. ஃபேன் காற்றாக இருக்கும் என்று அதை நிறுத்தினேன். ஏறியது, இறங்கியது. கோனின் மேல் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். கைக்குக் கீழே ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

ஏறியது... இறங்கியது.

மீட்டரில் கோளாறு என்று முடிவுகட்டினேன். பேட்டரி மாற்றினேன். பையிலிருந்த என் சொந்த ஸ்பீக்கர் ஒன்றில் வைத்துப் பார்த்தேன். எண் ஆணி அடித்த மாதிரி நின்றது. திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஏறியது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "மச்சான், மூச்சு விடுற மாதிரி இருக்குல்ல?"

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பில்லை அது. சாமான் வாங்கத்தான் தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கவாவது தெரியக்கூடாதா என்று கேட்க நினைத்தேன். தங்கை முகத்துக்காக விட்டுவிட்டேன்.

உள்ளே குழந்தை இருமியது. க்கும்... க்கும்.

எண் இரண்டு முறை துள்ளியது.

மாப்பிள்ளை எழுந்து அறை வாசலில் போய் நின்றார். குழந்தையையே பார்த்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அவர் கண்ணுக்கு மீட்டர் தெரியாது, இங்கிருந்து என் கண்ணுக்குக் குழந்தை தெரியாது. குழந்தையின் நெஞ்சு ஏறும்போது அவர் கையைத் தூக்கினார். இறங்கும்போது இறக்கினார். பாட்டு வாத்தியார் தாளம் போடுகிற மாதிரி. அவரை எப்போதும் கோமாளி என்றுதான் நினைப்பேன், அப்போதும் நினைத்தேன்.

ஓரக்கண்ணில் அந்தக் கை. எதிரில் எண்.

கை ஏறியது. எண் ஏறியது.

கை இறங்கியது. எண் இறங்கியது.

ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு... எண் ஏறவில்லை. 3.4. அப்படியே நின்றது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "பாத்தீங்களா, நின்னுடுச்சு. சும்மா லூஸ் கனெக்ஷன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையும் பாதியில் நின்றிருந்தது.

"பாப்பா..." என்றார்.

சமையலறையிலிருந்து தங்கை ஓடினாள். பாத்திரம் ஒன்று உருண்டது... கடகடகட. "உதடு நீலமாயிருக்கு" என்று அவள் சொன்னது கேட்டது.

3.4.

3.4.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. கோனை அழுத்தினேன்.

3.9.

உள்ளே குழந்தையிடமிருந்து... ஹக்.

மறுபடி அழுத்தினேன்.

ஹக்.

மறுபடி.

குழந்தை வீறிட்டது.

கையை எடுத்தேன். எண் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக. அழுகைக்கு ஏற்ற மாதிரி.

குடித்த பால் மூச்சுக்குழாயில் ஏறியிருக்கும், தாய் முதுகில் தட்டியதில் வெளியே வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். நான் மீட்டரைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வையை அவர் என்மேல் திருப்பியிருப்பார்.

மாப்பிள்ளை நடந்ததைச் சொல்ல, அந்தச் சனியன் இனி வீட்டில் இருக்கக்கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள். மறுநாள் நானும் மாப்பிள்ளையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என்ன குறை என்று கடைக்காரர் கேட்டார். குறை ஒன்றுமில்லை, ஓம்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டில் இடமில்லை என்று நான் சமாளித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை.

"நீங்க மெக்கானிக்குன்னு இவர் சொன்னாரே?"

"ஆமா."

"ஓம்ஸ் எப்படிங்க காட்டும்? இதுல காயிலே கிடையாது. செம்புக்காக நான்தான் உருவி எடுத்தேன். அழகுக்கு வைக்கிறதுக்குன்னு சொல்லித்தானே இவருக்குக் கொடுத்தேன்."

வாங்குகிற அவசரத்தில் மாப்பிள்ளைக்கு அது காதில் ஏறியிருக்காது. கடைக்காரர் கோனின் நடுவில் ஒட்டியிருந்த மூடியை நகத்தால் நெம்பினார். சட்டி மூடி மாதிரிக் கழன்று வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். டார்ச் அடித்தும் பார்த்தேன். காந்தம் இருந்தது. அதைச் சுற்றி வெறும் வட்டமான இடைவெளி. டெர்மினலிலிருந்து வந்த இரண்டு ஒயர்களும் எதையும் தொடாமல் அறுந்து தொங்கின.

நம்பிக்கையில்லையென்றால் பிரித்தே காட்டுகிறேன் என்று கடைக்காரர் பிளேடை எடுத்துக் கோனின் ஓரத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடவேயில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாங்கிய குப்பையை நானே என் கையால் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். வீடு வரும்வரை கோனின் மேல் விரல் படாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன்.