செருப்போடு தறிக்குழியில் இறங்கிய கதாநாயகன்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சியின்போது நடந்தது இது. அப்போது மங்கலத்தில் எங்கள் வீட்டில் கைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் மாறி மாறி நெய்வோம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள், இல்லாவிட்டால் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு வாய்த்ததோ சினிமாக் கொட்டகை! வெள்ளகோவிலிலிருந்து வந்த வரன் அது. அவர்களும் நெசவுக் குடும்பம்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு நடிகர் என்றால் உயிர். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்காகச் சண்டைக்கு வர இன்றைக்கும் ஆள் இருக்கிறது. "அவரு நெசவாளியா நடிச்ச படம் திருப்பூர்ல ஓடுதாமா. பொண்ணை அங்கயே கூட்டிட்டு வந்துருங்க, ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த அம்மா.

அப்பா தலையாட்டிவிட்டார். அவர் கவலை அவருக்கு. அதற்கு முன் வந்த வரன் என் வாயால்தான் போனது. மாப்பிள்ளையின் மாமா காப்பியில் சர்க்கரையே இல்லை என்றார். அடியில் கிடக்கிறது, கலக்கிக் குடியுங்கள் என்றேன். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் தங்கை வேறு இருந்தாள். இதுவும் தட்டிப்போனால் ஊரில் பேர் கெட்டுவிடும் என்று பயந்த அப்பா, "எங்க புள்ள இருக்கற எடமே தெரியாதுங்க" என்று வெள்ளகோவில்காரர்களிடம் அடித்துவிட்டிருந்தார். அம்மாவோ பஸ்ஸில் வரும்போதே, "படம் முடியற வரைக்கும் வாயைத் தொறந்தே, அப்பறம் பாரு" என்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி வைத்தார்.

கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எனக்கு இடது பக்கம் அம்மா, வலது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. நடுவில் நான், தலையைக் குனிந்துகொண்டு.

படம் ஆரம்பித்தது. கதாநாயகன் வந்தார். கொட்டகையே விசிலடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதைப்படி அவன் மீசை முளைத்துக் கொஞ்ச நாளே ஆன இளவட்டம். வந்து நின்றவரோ எங்கப்பாவுக்கு அண்ணன் மாதிரி இருந்தார்! கன்னத்தில் ரோஸ் பவுடர், தலையில் டோப்பா, வயிற்றை இறுக்கிக் கட்டிய பெல்ட். அவருக்கு அம்மாவாக நடித்த பெண்ணைப் பார்த்தால் அவருக்கு மகள் என்று சொல்லலாம். அவளிடம் போய், "அம்மா, பசிக்கிறதம்மா" என்கிறார். பரம ஏழையாம், வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகிவிட்டதாம். விரலில் மட்டும் மோதிரம் மோதிரமாக மின்னுகிறது. ஒன்றைக் கழற்றி விற்றுச் சோறு வாங்கித் தின்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்!

அவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ராஜா வேஷம் போட்டு வாளை எடுத்தாரானால் நானே கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதரை இழுத்து வந்து தறியில் உட்காரவைத்தால் அது என்னத்துக்கு ஆகும்? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஆர்மோனியம் மாதிரி தடவுகிறார். கதாநாயகி ஓடி வந்து, இழுத்துக் கட்டிய பாவின் மேலேயே சாய்ந்து பாட்டுப் பாடுகிறாள். பாவு அறுந்தால் உட்கார்ந்து முடிச்சுப் போடுவது யார், அவள் அப்பனா? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "சோறில்லாம எப்பிடி எளைச்சுப் போயிட்டாரு பாத்தியா கண்ணு" என்றார். அதற்கும் பொறுமையாகத் தலையாட்டினேன்.

அப்புறம்தான் அந்தக் காட்சி வந்தது. குழித்தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிபலகையை மிதித்து நெய்வோம். எங்களுக்குச் சோறு போடுகிற சாமி அது. காலையில் தொட்டுக் கும்பிடாமல் இறங்க மாட்டோம். செருப்பு வாசற்படியோடு நின்றுவிடும். இந்த மனிதர், புத்தம்புதுத் தோல் செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட நடந்து வந்து, அப்படியே பொத்தென்று தறிக்குழிக்குள் இறங்கினார்.

எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. "யோவ், செருப்பைக் கழட்டிட்டு எறங்குய்யா! தறிக்குழிய்யா அது!" என்று கத்திவிட்டேன்.

உடனே ஆண்கள் பக்கத்திலிருந்து, "அப்பிடிக் கேளு அம்மிணி!" என்று ஒரு குரல் வந்தது. படம் பார்க்க வந்ததில் பாதிப்பேர் தறிக்காரர்கள்தானே! "கழட்டு, கழட்டு" என்று ஆளாளுக்குக் கூவ ஆரம்பித்துவிட்டார்கள். ரசிகர்கள், "ஆருடா அது, உக்காரு" என்று எகிறினார்கள். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இந்த வரனும் போச்சு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடைவேளை. சோடாக் கடைப் பக்கம் இரண்டு குடும்பமும் நின்றோம். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவரிடம், "ஏனுங்க, இருக்கற எடமே தெரியாதுன்னீங்க. கொட்டகைக்கே தெரிஞ்சு போச்சுங்களே!" என்றார்.

"சின்னப் புள்ளைங்க, தெரியாமப் பேசிருச்சுங்க" என்று அப்பா கையைப் பிசைந்தார். அவர் அப்படிக் குழைந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உள்ளே அந்த நடிகர் செய்ததைத்தான் வெளியே நானும் செய்துகொண்டிருந்தேன். வாயில்லாப் பூச்சி என்கிற, எனக்குக் கொஞ்சமும் ஒட்டாத வேஷம் அது.

"தெரியாமப் பேசலீங்க, தெரிஞ்சுதானுங்க பேசினேன். உங்க ஊட்டுத் தறியில ஆராவது செருப்போட எறங்குனா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றேன்.

அந்த அம்மா சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார். கடைசியில், "அவரு என்ன பண்ணுவாரு பாவம். படம் புடிச்சவனுக்கு அறிவு வேண்டாமா?" என்றார். சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவனப் பாருங்க. நூல்கடைக்காரன் இத்துப்போன நூலைத் தலையில கட்டுனாலும் என்ற பையன் ஒரு வார்த்தை கேக்க மாட்டான். வர்றவளும் ஊமையா வந்தா ஊட்ல ஆருங்க பேசறது?" என்று அப்பாவிடம் சொன்னவர், என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு அம்மிணி. அவரை மட்டும் ஒண்ணும் சொல்லப்படாது."

சொல்லாமல் இருப்பேனா? கல்யாணமாகிப் போன நாளிலிருந்து எனக்கும், எனக்கு அத்தையாகிவிட்ட அந்த அம்மாவுக்கும் அந்த ஒரு விஷயத்தில்தான் சண்டை. என் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் அந்த மனிதர் காலேஜ் மாணவனாகவே நடித்துக்கொண்டிருந்தார். "எளசாத்தான இருக்காரு" என்பார் அத்தை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். நூல்கடைக்காரனிடம் நான் சண்டைக்கு நிற்கும்போது மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து, "உடாத, இன்னும் கேளு" என்று எடுத்துக் கொடுப்பார்.

கடைசிக் காலத்தில் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார். ஒருநாள் டிவியில் அதே படம் போட்டார்கள். அதே செருப்பு, அதே தறிக்குழி. நோயாளியிடம் எதற்கு வம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலிலிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது. "செருப்பைக் கழட்டுய்யா." நான் திரும்பிப் பார்த்தேன். "நீ சொல்லுவீன்னு பாத்தா கம்முனு உக்காந்திருக்கறே. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அத்தை என்னை முறைத்தார்.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் வாயை மூடிக்கொண்டு ஜெயித்திருந்தால், ஆயுசு முழுக்க அதே ஊமை வேஷத்தில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது.