கராஜில் அடித்த சாவு மேளம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு தெருவிலிருந்து கிளம்பிய பங்க் ராக் பாட்டுக் கோஷ்டியின் முதல் ஆல்பம் அது. யூடியூப் தானாகவே என் போனில் கொண்டுவந்து விட்டது. பாடுகிறவனுக்குச் சுருதியே கிடையாது. தொண்டை கிழியக் கத்துகிறான், நடுவில் இருமுகிறான், அந்த இருமலைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். முதலாளியைத் திட்டுகிறான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில் கார் டிங்கரிங் வேலை பார்ப்பவனுக்கு அது போதாதா? ரூமில் போட்டால் அடிக்க வருவார்கள். "மனுசன் கேப்பானா இத?" என்று முதலில் எகிறுகிறவன் என் பக்கத்துக் கட்டில்காரன்தான். என்னை மாதிரியே அரியலூர்ப் பக்கம். ஒரே கராஜில் வேலை.

போன கோடையில் அவனுடைய அப்பா செத்துப்போனார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் இவன். பாஸ்போர்ட்டோ கம்பெனி அலமாரியில். சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "லீவு மாஃபி, பாய்" என்றான். லீவு கிடையாதாம். அவ்வளவுதான். ரூமில் ஆளாளுக்குப் பொறுமை சொன்னார்கள். பொறுத்தார் பூமி ஆள்வாராம். எந்தப் பூமியை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பிணம் எடுக்கும் நேரத்தில் தம்பி வீடியோ காலில் வந்தான். கராஜின் பின்பக்கம் நின்று பார்த்தோம். படம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மேளக்காரர்களின் கைகள் ஊமையாக ஓடின. பிறகு படமும் நின்றுபோனது. இவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"மேளம் கேக்கலடா. அது கேட்டாதான்டா எனக்கு அழுவ வரும்" என்றான்.

என்னிடம் வேறு மேளம் இல்லை. கராஜ் ஸ்பீக்கரில் அந்த ஆல்பத்தை முழுச் சத்தத்தில் போட்டேன். வெறும் டிரம்ஸில்தான் தொடங்கும். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சுத்தியலை எடுத்து, ஓரத்தில் கிடந்த பழைய கார்க் கதவில் அடிக்க ஆரம்பித்தான். எங்கள் பக்கத்துச் சாவு மேளத்தின் அதே அடி. அமெரிக்காக்காரன் கத்தக் கத்த, இவன் "யப்பா... யப்பா..." என்று கத்தி அழுதான்.

ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். என் கையில் ஸ்பானர் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்றைக்கு இருக்கிறது என்று நின்றேன். அவனுக்கு இவன் முதுகும் சுத்தியலும் மட்டும்தான் தெரிந்தன.

"அச்சா! டெய்லி ஐசா காம் கரோ. ஜல்தி, ஜல்தி!"

தினமும் இதே வேகத்தில் வேலை நடக்க வேண்டுமாம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏசிக்குள் போய்விட்டான்.

ஊரில் அவன் அப்பா சுடுகாடு போய்ச் சேரும்வரை நான் பாட்டை நிறுத்தவில்லை.