நண்டாக வந்த அப்பா

எங்கள் அப்பா இறந்தபின் நண்டாகிவிட்டார். முடிவு செய்தது அம்மா. முதல் ஆடி அமாவாசைக்கு எங்கள் ஊர் கோலா கெத்திலிலிருந்து கடற்கரைக்குப் போய், பாறையில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காக்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடல் வற்றிய பாறைக் குழியிலிருந்து, முதுகில் சங்கைச் சுமந்தபடி ஒரு நண்டு வந்து பருக்கையை இழுத்துப் போனது. “அப்பா வந்துட்டாரு!” என்று அம்மா அழுதார். அன்றோடு எங்கள் வீட்டில் காக்கைக்கு மரியாதை போயிற்று.

அண்ணனுக்குப் பக்தி முற்றியது. இனிப்பு நீர் வியாதி என்று அப்பாவின் தேநீரில் ஒரு கரண்டி சீனிகூட விடாதவன், செத்தவருக்கு லட்டு, ஜிலேபி, கேசரி எனப் படைக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து மற்ற குடும்பங்களும். பாறையெல்லாம் பாகு.

விருந்துக்கு எறும்பு வந்தது. மஞ்சளாய், நெட்டைக் காலோடு, தாறுமாறாக ஓடும் எறும்பு. கைப்பேசியில் தேடினேன், பெயரே பைத்திய எறும்பாம். எங்கிருந்தோ கப்பலேறி வந்ததாம். எங்கள் பாட்டன்களும் தோட்ட வேலைக்கு இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர்கள்தான். எங்களிடம் இன்றும் ஐசி எங்கே, அடையாள அட்டை எங்கே என்று கேட்கிறார்கள். அதனிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது கடிப்பதில்லை. அமிலத்தைப் பீய்ச்சும், நண்டின் கண்ணில்.

இந்த ஆண்டு குழிகளில் வெறும் சங்குகள்தான் கிடந்தன. “அப்பா சாப்பிடாம போயிருவாராய்யா?” என்று அம்மா தவித்தார்.

அண்ணன் விடுவானா? “எறும்பா வந்திருக்காரும்மா. எத்தன பேரா வந்திருக்காரு, பாருங்க லா!”

கூட்டம் சேர்த்துக்கொண்டு வருமளவுக்கு அப்பாவுக்குச் செல்வாக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு நண்டு வெளியே வந்தது. சோறு எதிரிலேயே இருந்தது. அதுவோ பக்கத்து வெறும்பாறையைத் தடவிக்கொண்டிருந்தது. எறும்புகள் மேலே ஏறின.

அப்பா தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். ஒருநாள் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து கண்ணில் பட்டது. அதன்பின் சோற்றுக்கு உட்கார்ந்தால் தட்டை விட்டுவிட்டு மேசையைத் தடவுவார். அம்மா தட்டை நகர்த்தி, “இங்க இருக்குங்க” என்பார்.

நண்டு இன்னும் தடவிக்கொண்டிருந்தது. அண்ணன் அடுத்த ஜிலேபியை எடுத்தான்.

“மூடுடா அந்த டப்பாவ!” என்றார் அம்மா. கையெல்லாம் எறும்பு ஏற, நண்டை எடுத்துக் கடல்நீரில் அலசி, ஈரப் பாறையில் விட்டார். ஒரு பிடி சோற்றை அதன் காலருகே தள்ளினார்.

“இங்க இருக்குங்க.”