எந்தக் கை பெரிசு?

எங்கள் குரூப்பில் யாரும் எழுதமாட்டார்கள். எழுதத் தெரியாமல் இல்லை; பாதிப் பேர் பத்தாவது தாண்டியவர்கள். போனில் தமிழ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிற நேரத்தில் ஒரு படி அரிசியில் கல் பொறுக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதனால் எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். அதற்குள் கரும்பு லாரியின் ஹாரன் கேட்கும், குக்கர் விசில் கேட்கும், பிள்ளைக்கு விழுகிற அடிகூடக் கேட்கும். நடுவில், "அக்கா, கை லூசா கீது, ஒரு இஞ்ச் புடிக்கணும்" என்று சங்கதி வரும்.

நான் பாகூரில் ஜாக்கெட் தைக்கிறவள். கடை என்று பார்த்தால் ரோட்டோரம் ஒரு ஷட்டர், இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஆனால் உண்மையான கடை போனில் இருந்தது. ஊரடங்கு சமயத்தில் பிழைக்க வழி தெரியாமல், நாடே வைத்திருக்கிற அந்தப் பச்சை நிற ஆப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தேன். இப்போது கிருமாம்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பம் வரை நூற்றுச் சொச்சம் பெண்கள் அதில் இருக்கிறார்கள். நான் கழுத்து டிசைன் போடுவேன், அவர்கள் பிடித்ததைச் சொல்வார்கள். தைத்ததைப் போட்டுப் பார்த்து எங்கே சுருக்கம் விழுகிறது என்று முந்தானையை ஒதுக்கி, முதுகைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புவார்கள். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை. காட்டமாட்டேன் என்று தெரிந்துதான் அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில், "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று ரோஜாப்பூப் படம் போட்ட எச்சரிக்கையை அத்தனை பேருக்கும் அனுப்பி வைக்கிற மகராசியும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று காலை ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். பட்டில் கத்தரி வைத்துவிட்டால் என்னிடம் யாரும் பேசக்கூடாது, பேசினால் கடித்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து போன் மணியடித்தது. அரியாங்குப்பத்து டீச்சரிடமிருந்து மெசேஜ். எங்கள் குரூப்பிலேயே எழுதி அனுப்புகிற ஒரே ஆள் அவர்தான், அதனால் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. புது போன் மாற்றினாராம். அவருக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் ஒன்று தவறிப்போய் என் நம்பருக்கு வந்திருக்குமாம். உடனே அனுப்ப வேண்டுமாம். பார்த்தேன், வந்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, நடுவில் எண். வரிகளைப் படிக்கவில்லை. எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு, தொல்லை விட்டது என்று கத்தரியை எடுத்தேன். இதை யாருக்கும் கொடுக்காதே என்பதுதான் அந்த இரண்டு வரிகளில் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டது. இந்த நம்பர் வேறொரு போனில் ஓடுகிறது என்றது. நெட் கோளாறு என்று போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். போட்டதும் சாதாரண கால் ஒன்று வந்தது. பண்டசோழநல்லூரில் கரும்பு வெட்டப் போகிற பெண், என்னிடம் ஆறேழு வருஷமாகத் தைக்கிறவள்.

"யக்கா, நீ எங்க கீற?"

"கடையிலதான்டி. ஏன்?"

"ஆஸ்பத்திரில கீறன்னு எழுதி வந்துகீது. பணம் அனுப்பச் சொல்லுது. அதான் கேட்டன்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் அவளுக்கு ஓடியிருக்கிறது. என் பேரில் எழுத்தாக மெசேஜ் வந்ததுமே அவளுக்குச் சந்தேகம். "இன்னாக்கா புதுசா எழுத்துல வர்ற? வாயத் தொறந்து சொல்லு" என்று வாய்ஸ் போட்டிருக்கிறாள். பதில் எழுத்தில்தான் வந்தது. உடனே அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறாள்: "செரி, எனக்கு எந்தக் கை பெரிசு? அத்தச் சொல்லு, பணம் அனுப்பறேன்."

வருஷக்கணக்காகக் கத்தி பிடித்து அவளுக்கு வலது கை ஒரு இஞ்ச் பருத்திருக்கும். அவள் ஜாக்கெட்டில் இரண்டு கையும் ஒரே அளவு இருக்காது. அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் அளவு நோட்டுக்குத் தெரியும். எங்கேயோ உட்கார்ந்திருந்த திருடனுக்கு என்ன தெரியும்? "சகோதரி, விளையாட நேரமில்லை" என்று எழுதினானாம்.

"சகோதரியாமே! நீ என்னிக்கு என்னை சகோதரின்ன? நீ வாடி போடின்னுதான சொல்லுவ?" என்று அவள் சிரித்தாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்ததோடு அவள் நிற்கவில்லை. எவனோ பூந்துட்டான் என்று குரூப்பில் வாய்ஸ் போட்டாள். அவன் அவளைக் குரூப்பை விட்டே தூக்கினான். விடுவாளா? தன்னிடம் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் சாதாரண கால் போட்டாள். அவர்கள் மற்றவர்களுக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு திருடன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு குளிர்கிறது. என் ஜாக்கெட்டுக்கு ஹூக்கு முன்னாலயா பின்னாலயா? போன தீபாவளிக்கு எந்தக் கலர் தச்ச? என் மாமியாருக்குக் கழுத்து எத்தனை இஞ்ச் எறக்கம்? பணம் கேட்டவனிடம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அளவு கேட்டார்கள். ஒருத்தியும் காலணா அனுப்பவில்லை.

நான் ஷட்டரை இழுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரீசார்ஜ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என் வயசுக்காரர், சிரிக்கத் தெரியாத மனுஷன்.

"சிம்மு உங்க கையிலதான கீது? அப்ப வூட்டு சாவி உங்களாண்ட. பயப்படாதீங்க" என்றார்.

ஆப்பில் என் நம்பரை மறுபடி போட்டார். மறுபடி ஆறு இலக்க எண் எனக்கே வந்தது. அதைப் போட்டவுடன் திருடன் வெளியே விழுந்தான். ஆனால் நான் உள்ளே போகமுடியவில்லை. போகிற போக்கில் அவன் ஒரு ரகசிய எண்ணை வைத்துப் பூட்டியிருந்தான். அந்தப் பூட்டை நானே முன்பு போட்டிருந்தால், ஓ.டி.பி. கொடுத்தும்கூட அவன் நுழைந்திருக்க முடியாதாம். இரண்டு நிமிஷ வேலையாம். இனி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அவனும் வரமுடியாது, நானும் வரமுடியாது.

"அண்ணே, பொம்பளைங்க அனுப்பின படமெல்லாம் கீது அதுல" என்றேன்.

அவர் அவசரப்படாமல் சொன்னார். பழைய படமெல்லாம் என் போனில்தான் இருக்கும், அவன் போனில் ஆப் காலியாகத்தான் திறக்கும். நகல் ஒன்று என் மெயிலில் ஏறியிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தோம். மெயில் என் போனைத் தவிர வேறெங்கும் திறந்திருக்கவில்லை. அங்கேயே நின்று பாஸ்வேர்டை மாற்றினோம். சைபர் போலீசுக்கு ஆன்லைனில் புகாரும் பதிந்தோம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தப் பால் இறங்குவதற்குள் அவர் இன்னொன்றைச் சொன்னார்: அவன் உள்ளே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் யாராவது புதிதாகப் படம் அனுப்பியிருந்தால், அது அவனிடம்தான் போயிருக்கும்.

மறுநாள் காலை, கரும்பு வெட்டுகிறவளின் வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். டிராக்டர் ஓட்டுகிறவர். அவளும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள்.

"யக்கா, மரியாதையா கேக்கறேன். எங்கூட்டு பொம்பள படம் எவன் கையில கீது?"

"யார் கையிலயும் இல்லப்பா. எவனோ ஹேக் பண்ணிட்டான், இப்ப வெளியில தள்ளியாச்சு."

"ஹேக் பண்ணிட்டான்னா? சும்மா கெடந்த போன எப்டி பண்ணான்?"

"இப்பல்லாம் அப்டித்தான் பண்றானுங்க" என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இனி தன் மனைவி குரூப்பிலும் இருக்கமாட்டாள், படமும் அனுப்பமாட்டாள் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். என்னைக் காப்பாற்றியவளையே என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகிறார் என்று நான் வாசலிலேயே நின்றேன்.

அந்த ஏழு நாளும் தையலைப் பாதியில் விட்டேன். அளவு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனேன். நோட்டில் இருந்த ஒவ்வொரு பேரையும் வீட்டு வாசலில் பார்த்தேன், வயலில் பார்த்தேன், கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தியை நிறுத்தத்திலேயே பிடித்தேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி: அன்று காலை படம் ஏதாவது அனுப்பினாயா? இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்தேன். யார் யாரையோ திட்டினார்கள், எனக்கு மோர் கொடுத்தார்கள், பாவம்டி நீ என்றார்கள். அந்தப் பாவம்தான் என்னைக் குத்தியது. ஹேக் பண்ணிவிட்டான், ஹேக் பண்ணிவிட்டான் என்று இடி விழுந்தது போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, கதவைத் திறந்துவிட்டது நான் என்று ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் அரியாங்குப்பத்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

"நானும் அந்த நம்பரக் குடுத்துட்டேங்க. எனக்கு முந்தின நாளே போயிடுச்சு. படிச்சவ நானே ஏமாந்தேன்னு எப்டிச் சொல்றது? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முந்தின நாளே வாயைத் திறந்திருந்தால் நான் தப்பியிருப்பேனே! வண்டியைத் திருப்பிக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? வெட்கப்பட்டு நாங்கள் மூடிக்கொண்ட வாய்தான் அந்தத் திருடனுக்கு மூலதனம். என்னிடமிருந்து அடுத்தவளுக்குப் போகாமல் நின்றது, ஒருத்தி கேள்வி கேட்டதால். என் சாமர்த்தியத்தால் இல்லை.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாரையும் மத்தியானம் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் ரோடுவரை நின்றார்கள். நோட்டில் எல்லாப் பேருக்கும் டிக் விழுந்திருந்தது. ஒரு படமும் போகவில்லை. அவர்கள் எதிரிலேயே ஆப்பைத் திறந்தேன், திறந்தது. கைதட்டினார்கள். டிராக்டர்காரர் மனைவியை இறக்கிவிட்டு, பைக்கை அணைக்காமல் வெளியே நின்றார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"யாரும் ஹேக் பண்ணல. நான்தான் குடுத்தேன். தெனம் உங்களுக்கு ஓ.டி.பி. சொல்லாதன்னு அனுப்பற நானே, படிச்சுப் பாக்காம, திருடனுக்கு நம்பர எடுத்துக் குடுத்தேன். தப்பு என்னுது. உங்க படத்தையெல்லாம் இப்பவே அழிக்கறேன். போவணும்னு நெனைக்கறவங்க குரூப்ப வுட்டுப் போவலாம்."

பைக் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று டிராக்டர்காரர் வாசலில் இருந்தே மனைவியிடம் கத்தினார். "குரூப்பும் வேணா, ஒண்ணும் வேணா. வா, போலாம்."

அவள் அசையவில்லை. "மூட்டப்பூச்சிக்கு பயந்து வூட்டயா கொளுத்துவாங்க? அந்த ரகசிய எண்ண எப்டி வெக்கறதுன்னு காட்டுக்கா. எனக்குத்தான் மொதல்ல" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

அடுத்த கணம் கடை முழுக்கப் போன்கள் நீண்டன. அந்த மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானம் எனக்கு இனி வராது. எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். ஒருத்தி அடுத்தவளுக்குக் காட்டினாள். பிறந்த வருஷம் வைக்காதே, கல்யாண நாள் வைக்காதே என்று கூச்சல். வேறு எந்தக் கருவியாவது உன் கணக்கோடு சேர்ந்திருக்கிறதா, அந்தப் பட்டியலையும் பார் என்று இன்னொரு கூச்சல். டீச்சர் பின்னால் நின்றிருந்தார். யாரும் கேட்காமலே முன்னால் வந்து, "நானும் குடுத்தவதான்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். குரூப்பை விட்டு ஒருத்தியும் போகவில்லை.

எல்லாரும் கலைகிற நேரத்தில்தான் பைக் சத்தம் நின்றது. டிராக்டர்காரர் உள்ளே வந்து மனைவி பக்கத்தில் நின்று, யாரையும் பார்க்காமல், தன் போனை என் மெஷின் மேல் வைத்தார்.

"எனுக்கும் போட்டுக் குடுக்கா. நம்பரு நீயே ஏதாவது வெச்சுடு. இல்லன்னா நான் சொல்றேன், எழுதிக்க..."

"சொல்லாத!" என்று அவர் வாயை அடைத்தேன். "எனக்குத் தெரியக் கூடாது. உன் பொண்டாட்டியைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

எண் கேட்கும் இடம்வரை கொண்டுவந்து போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.