மகளின் முகத்தில் நான் பூசிய கறுப்பு

2007 நவம்பர். துபாயில் அல் குசைஸ் பகுதியில், மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் நாங்கள் குடியிருந்த நேரம். கணவருக்கு கார்கோ கம்பெனியில் வேலை. மகள் ஓர் இந்தியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்ததும் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். மாறுவேடப் போட்டி. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நமக்குத் தெரிந்த தலைவர்கள். இவளுக்கு வந்திருந்தது, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, இதையும் மகள்தான் சொன்னாள்.

"எந்திரிக்காம உக்காந்திருந்ததுக்கா தலைவர் ஆயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"அரெஸ்ட் பண்ணிட்டாங்கம்மா" என்றாள் மகள், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற தோரணையில்.

எங்கள் மாடியிலேயே கடைசி ஃபிளாட்டில் ஓர் அமெரிக்க அம்மா தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். அவரும் கறுப்பினத்தவர்தான். ஒருமுறை என் சாம்பார் வாசனைக்குக் கதவைத் தட்டி, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதிலிருந்து பழக்கம். என் ஆங்கிலம் அரைகுறை. நாங்கள் பேசுவதையெல்லாம் மகள்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்வாள்.

சீட்டைக் காட்டியதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பி, ஒரு கைப்பை, கண்ணாடி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். முதுகை நிமிர்த்தி எப்படி உட்கார வேண்டும் என்று மகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார். தன் சிறுவயதுக் கதை ஒன்றும் சொன்னார். அவர்கள் ஊர்க் கடையில் கறுப்பர்கள் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்க விட மாட்டார்களாம். இவருடைய அம்மா பிள்ளைகளின் பாதத்தைத் தாளில் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போவாராம். "அவங்க கறுப்பா இருந்ததாலயாம்மா" என்று மகள் எனக்கு மாற்றிச் சொன்னாள். அவர் 'ப்ளாக்' என்ற அந்த வார்த்தையைச் சொன்னபோது முகத்தில் கூச்சமே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார், "பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் போனவர்கள். மகள் அப்பாவின் நிறத்தில் பிறந்ததும் நான் விட்ட பெருமூச்சு எனக்கு மட்டும்தான் தெரியும்.

போட்டி நாள் காலை, கணவர் டியூட்டிக்குப் போய்விட்டார். கவுன் போட்டு, தொப்பி வைத்து, கண்ணாடியும் மாட்டிப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. என் மகள், என் மகளாகவே தெரிந்தாள். கண்மையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம், கழுத்து, கை என்று ஒரு இடம் விடாமல் பூசினேன்.

"கறுத்துருவேன்னு பீச்சுக்குக்கூட விட மாட்டே. இப்ப நீயே பூசுற?" என்று சிரித்தாள் அவள்.

"இது வேஷம்டி. ஆடாம நில்லு."

வெளியே வந்தபோது லிஃப்ட் பக்கத்தில் அந்த அம்மா கேமராவோடு காத்திருந்தார். போட்டோ எடுக்கத்தான் வந்திருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. கேமராவைக் கீழே இறக்கினார். "நோ... நோ... ப்ளீஸ்" என்றார். 'வாஷ்' என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு விளங்கியது.

கீழே மாதக் கட்டணத்துக்குப் பள்ளிச் சவாரி வரும் மலையாளி டிரைவர், காரில் இருந்தபடி ஹாரன் அடித்தார். "டைம் இல்ல மேடம், ஸாரி" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டேன்.

கார் போய்க்கொண்டிருந்தது. எனக்குள் ஒரே குழப்பம். மை தோலுக்கு ஆகாது என்கிறாரா? கறுப்பு என்று சொல்லிக் காட்டியதாக நினைத்துவிட்டாரா? அவரே அன்றைக்குக் கூச்சமில்லாமல் சொன்னாரே? நானும் அவர் நிறம்தானே, நான் எப்படி அவரைக் கேலி செய்வேன்? கொஞ்ச நேரத்தில் குழப்பம் கோபமாகிவிட்டது. இவ்வளவு சிரமப்பட்டதற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று.

பள்ளி அரங்கம் நிறையப் பெற்றோர்கள். மகளின் முறை வந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்து வந்தாள். நாற்காலியைக்கூட எட்டவில்லை, அரங்கம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும். எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் தமிழிலேயே சொன்னார்: "ஐயோ, இது யாரு பெத்த காக்காடி?"

திரும்பி, "நான் பெத்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அது காதில் விழுந்ததும் என்ன ஆனதோ, நானும் சிரித்தேன். சுற்றியிருந்தவர்களில் ஒருத்தியாக, பல் தெரியச் சிரித்தேன்.

மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்திருந்த நாலு வரியையும் சின்னக் குரலில் சொல்லி முடித்தாள். கை தட்டினார்கள். இரண்டாம் பரிசுகூடக் கிடைத்தது. "மேக்கப் பிரமாதம்" என்று மைக்கில் பாராட்டினார் நடுவர். அவள் சொன்ன வரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பள்ளிக் கழிப்பறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் மை, லேசில் போகவில்லை. "வலிக்குதும்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள ஏம்மா சிரிச்சாங்க?"

அவள் கழுத்தில் மறுபடி சோப்புப் போட்டேன்.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கடைசி ஃபிளாட்டுக்குப் போனேன். தொப்பியின் உள்பக்கம் மை அப்பியிருந்தது. "தொப்பி அழுக்காயிருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு" என்றேன் மகளிடம். அவள் சொன்னாள். அந்த அம்மா தொப்பியை வாங்கிப் பார்க்காமலேயே ஓரமாக வைத்தார். உள்ளே போய் ஒரு க்ரீம் டப்பாவும் பஞ்சும் எடுத்து வந்து, மகளை உட்காரவைத்து, காதோரம் ஒட்டியிருந்த மையை மெல்லத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே பேசினார். மகள் முகத்தை அசைக்காமல் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அவங்க ஊர்ல அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க மூஞ்சில கறுப்பு பூசிட்டு ஸ்டேஜ்ல வருவாங்களாம்மா. இவங்க மாதிரி நடந்து காட்டுவாங்களாம், பேசிக் காட்டுவாங்களாம். எல்லாரும் சிரிப்பாங்களாம்." சட்டென்று நிறுத்தினாள். "இன்னைக்கு சிரிச்ச மாதிரியாம்மா?"

"அவங்க மேல மரியாதை வச்சுத்தான் பண்ணேன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நம்புறாங்களாம். ஆனா, மரியாதைக்குத் தொப்பியும் கண்ணாடியும் போதாதான்னு கேக்குறாங்க."

அவர் இன்னும் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளைக்காரங்க பண்ணியிருந்தா கோபப்பட்டுட்டுப் போயிருப்பாங்களாம். நீ அவங்க கலர்தானே, அதான் ஒண்ணுமே புரியலையாம்."

எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், நடுவில் எட்டு வயதுப் பிள்ளை.

அரங்கத்தில் நானும் சிரித்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்வதென்றால் அதையும் மகள் வாயால்தான் சொல்ல வேண்டும். விழுங்கிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அவரே சாம்பார் கேட்டு வந்தார். பழையபடி பேசிக்கொண்டோம், ஆனால் அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி பேச்செடுக்கவில்லை. அடுத்த கோடையில் ஒப்பந்தம் முடிந்து அமெரிக்கா போய்விட்டார்.

மகள் வளர்ந்து, கல்லூரியில் இதைப் பற்றியெல்லாம் படித்துவிட்டு வந்து, "உனக்குத் தெரியாதுல்லம்மா, விடு" என்று ஒருமுறை என்னைத் தேற்றினாள். பூசியது தெரியாமல் செய்த தப்பு என்று நானும் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அன்று என் மகளைப் பார்த்து நான் சிரித்ததும் தெரியாமல்தானா என்று கேட்டுக்கொண்டால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உறுதியாக ஒரு பதில் சொல்ல வரவில்லை.